கேப்டன் கோட்டின் பச்சைப் பட்டை

பிள்ளைகளா, உங்கள் அம்மா என்னோடு சண்டை போடும்போதெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவை நடுவில் இழுப்பாளே, மூடியில் மயில் போட்டது, அது எங்கே போனது என்று இரண்டு பேரும் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். தெலுங்கில்தான் கேட்டீர்கள், இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், தப்பு இருக்கும். உங்களுக்குப் படிக்க வராத இடத்தில் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். டப்பா வருகிற இடத்தில் மட்டும் அவள் சொந்தமாகக் கொஞ்சம் சேர்த்துப் படிப்பாள், நம்ப வேண்டாம்.

டப்பா போனது ஒரு ஸ்காட்லாந்துக் கப்பல்காரரால்.

பெரியவளே, நீ அப்போது காலையில் மெட்ரோ பிடித்து அமீர்பேட் கோச்சிங்குக்குப் போய், சாயந்திரம் தலைவலியோடு வருவாய். சின்னவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால் கடையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து உள்ளே வந்தார். குனிந்தும் ஷட்டர் விளிம்பில் தலை இடித்தது. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். கையில் துணிப்பை. அதிலிருந்து கருநீலக் கோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"கோட்டு சுருங்கிப் போச்சு மாஸ்டர். நான் அப்படியேதான் இருக்கேன்" என்றார். ஹிந்தியில்.

நான் அசந்துபோய், "இங்கிலீஷ்காரர் நல்லா ஹிந்தி பேசறீங்களே சாப்" என்றேன்.

"இங்கிலீஷ்காரன்னு நக்கோ, சொல்ல வேணாம். ஸ்காட்லாந்து. உங்களை யாராவது மதராஸின்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?"

"தினமும் கூப்பிடறாங்க சாப். நான் பிறந்ததே இந்தச் சந்துலதான்."

"அப்ப உங்களுக்குப் புரியும்" என்று கையைத் தூக்கி நின்றார், அளவெடுக்கச் சொல்லி.

அளவெடுக்கும்போது எல்லாரும் பேசுவார்கள். டேப்பைக் கழுத்தில் சுற்றினால் மனுஷனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். இவர் ஸ்காட்லாந்தின் வடக்கு மூலையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்னப் படகு. மீன் குறைந்ததும் அப்பா படகை விற்றுவிட்டார், இவர் சரக்குக் கப்பலில் ஏறிவிட்டார். இருபத்தாறு வயசில், வளைகுடாவில் ஒரு சுல்தானின் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தார். இரண்டே வருஷ ஒப்பந்தம். போனார். இருபத்துமூன்று வருஷம் இருந்துவிட்டார்.

"அங்க என்ன வேலை சாப்? சண்டையா?"

"சண்டை கொஞ்சம். மிச்சமெல்லாம் பாய்மரப் படகை நிறுத்தி, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறது. சிகரெட் இருக்கும், ஆடு இருக்கும், ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை இருந்தான். கல்யாணம் வேணாம்னு ஓடி வந்தவன்."

"பிடிச்சுக் கொடுத்தீங்களா?"

"அவனைப் பிடிச்சுக் கொடுக்க எங்க சட்டத்துல இடமில்லை. டீ கொடுத்து அனுப்பினோம்."

கப்பலில் பாதிப் பேர் பாகிஸ்தான் பக்கத்துப் பலூச்சிக்காரர்கள். அவர்களோடு இருந்துதான் ஹிந்தி வந்தது. இரும்புத் தளம் கொதிக்கும், தண்ணீர் அடித்துவிட்டுத்தான் நடக்க முடியும் என்றார். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நம் ஹப்சிகுடா பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ரிட்டையர் ஆனதும் மனைவி, "என் ஊருக்குத்தான் போகணும்" என்றாராம். "கடல் இல்லாத ஊருக்கு என்னைக் கொண்டுவந்து போட்டுட்டா" என்றார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

ஒரே பெண். பத்து நாளில், சனிக்கிழமை, சர்ச்சில் கல்யாணம். அப்பா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று பெண் கேட்டிருக்கிறாள். இடுப்பிலும் முதுகிலும் பிரித்து விட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இனிமேல்தான் என் தப்பு.

கோட்டின் ஒவ்வொரு கையிலும் மணிக்கட்டைச் சுற்றி நான்கு ஜரிகைப் பட்டைகள். மேல் பட்டையில் ஒரு சுருள். கேப்டன் என்பதற்கு அடையாளம் அந்த நான்கு பட்டைதான். அவை கறுத்துக் கிடந்தன, பெரும்பாலானவற்றில் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. நம் கடை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கண்டோன்மென்ட் கடை, ராணுவ யூனிஃபார்ம் தைத்தே மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நம்மிடம் வருகிற கோட்டு எல்லாம் பரேடுக்குப் போகிற கோட்டு. பட்டனில் முகம் தெரிய வேண்டும். மங்கின ஜரிகையோடு ஒரு ஆபீசர் நின்றால் அவர் வாங்கும் திட்டில் பாதி டைலருக்கு வரும். பெண் கல்யாணத்தில் இந்த மனுஷன் பச்சை பிடித்த கையோடு நிற்பதா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியில் இருந்த புது ஜரிகைச் சுருளை எடுத்தேன். பழைய எட்டுப் பட்டைகளையும் பிரித்துவிட்டுப் புதுசு வைத்துத் தைத்தேன். கூலி வாங்கக் கூடாது, இது நம் அன்பளிப்பு என்று முடிவு செய்தேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

பிரித்ததை வழக்கம்போல் வீட்டில் இருக்கிற பழைய ஜரிகை டின்னில் போட்டேன். அந்த வாரச் சனிக்கிழமையே பழைய ஜரிகை வாங்குகிறவர் வீட்டுக்கு வந்தார். உங்கள் அம்மா டின்னைக் கொடுத்துவிட்டு மயில் டப்பாவை வாங்கிக்கொண்டாள். அவர் எப்போதும் ஜரிகைக்குப் பாத்திரம்தான் கொடுப்பார்.

அடுத்த வியாழக்கிழமை டிரையலுக்குக் கேப்டன் வந்தார். போட்டுப் பார்த்தார். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கையைத் தூக்கினார், சிரிப்பு நின்றது. இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழசு எங்க மாஸ்டர்?"

"எடுத்துட்டேன் சாப். ரொம்பப் பச்சை பிடிச்சிருந்தது. புதுசுக்கு ஒண்ணும் வேணாம், பாப்பா கல்யாணத்துக்கு என் சார்பா."

அவர் திட்டவில்லை. "நல்ல வேலை" என்றார். பிறகு கஸ்டமர் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். 

"அந்தப் பச்சையைத்தான் நான் போட்டுக்க நினைச்சேன் மாஸ்டர்."

அவரே விளக்கினார். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டை யார் போடுவார்? அது கப்பல் அறையில் ஆணியில் தொங்கியதுதான் அதிகம். ஆணிக்கு மேலே ஜன்னல், ஜன்னலில் ஒரு கசிவு. எத்தனை முறை அடைத்தாலும் கடல் உள்ளே வந்துவிடும். அந்த உப்புதான் ஜரிகையில் பிடித்த பச்சை. கடற்படைக்காரர்கள் முதலில் கோட்டுக் கையைத்தான் பார்ப்பார்களாம். பளபளவென்று இருந்தால், இவன் கரையில் உட்கார்ந்தவன் என்று அர்த்தம்.

"என் அண்ணன் வர்றான் கல்யாணத்துக்கு. அவன் சொந்த நாட்டுக் கடற்படையில இருந்தவன். நாற்பது வருஷமா எனக்கு அவன் வெச்ச பேரு வாடகை மாலுமி. வேற நாட்டுக்குக் கூலிக்குக் கப்பல் ஓட்டினவன்னு. எங்க ஊர்ல நான் எந்தப் புத்தகத்துலயும் இல்லை மாஸ்டர், எந்தச் சங்கத்துலயும் இல்லை. பதில் சொல்றதுக்கு எனக்கு இந்தக் கை ஒண்ணுதான் இருந்தது."

  ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"எங்க?"

"பாட் மார்க்கெட். ஜரிகைக்காரர் அங்கதான் உருக்குவார்."

"நானும் வர்றேன்" என்று எழுந்தார். கோட்டைக் கழற்றவும் இல்லை.

நம் பழைய ஸ்கூட்டரின் பின்னால் முழுக் கடற்படைக் கோட்டில் ஒரு கேப்டன். முட்டி இரண்டும் பக்கத்து ஆட்டோவை இடிக்கிற மாதிரி. பாட்னி சிக்னலில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னால் பார்த்தார், என்ன நினைத்தாரோ, சல்யூட் அடித்து விட்டுவிட்டார். கேப்டன் பதில் சல்யூட் அடித்தார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜரிகைக்காரர் சின்ன உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஹவ், ஆமா, உங்க டின்னு இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று ஒரு துணி மூட்டையைப் பிரித்தார். எனக்கு உயிர் வந்தது. பச்சைப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு, ஆறு. ஆறோடு நின்றுவிட்டது.

"எட்டு இருக்கணுமே பாய்."

"ரெண்டு எரிச்சேன். உள்ள வெள்ளி எவ்வளவு இருக்குன்னு எரிச்சுப் பார்க்காம எப்படித் தெரியும்? இருக்கறதுலயே வெளுப்பா இருந்த ரெண்டை எடுத்தேன்."

நான் தலையில் கை வைத்தேன். அவர் ஆறு பட்டைகளையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "டப்பா கொண்டாங்க, இதை எடுத்துட்டுப் போங்க. அது நல்ல கனமான டப்பா."

உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, அதுல முறுக்கு சுட்டு மூடி வெச்சுட்டேன்."

"முறுக்கோட கொண்டு வா."

"ஒரு பொருள் இந்த வீட்டுல தங்கக் கூடாது உங்களுக்கு. கேட்டுட்டுப் பிரிக்கறதுக்கு என்ன? வாய் வாடகைக்கா விட்டிருந்தீங்க?"

வாடகை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அண்ணன் கதை எதுவும் தெரியாது. கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முறுக்கைப் பேப்பரில் கொட்டிவிட்டு டப்பாவை நீட்டினாள். நீட்டினாளே தவிர, ஜரிகைக்காரர் இரண்டு தடவை இழுத்த பிறகுதான் விட்டாள். பிறகு நான்கு பேரும் உலைக்கு முன்னால் நின்று முறுக்குத் தின்றோம்.

நான் பாதி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "மூணு பட்டை வெச்சா நீங்க கேப்டன் இல்லை சாப். நாலாவது பச்சைக்கு எங்க போவேன்?"

கேப்டன் ஆறு பட்டைகளையும் மடியில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். சுருள் வைத்த இரண்டும் இருந்தன. திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வெளுப்பா இருந்ததைத்தானே எரிச்சார்? அது அடியில இருந்த பட்டை. கேப்டனா ஆக்கினப்ப சேர்த்தது. கேப்டன் ஆனதும் என்னைக் கப்பல்லேர்ந்து இறக்கி, ஏசி ரூம்ல மேஜை போட்டு உட்கார வெச்சுட்டாங்க. அந்தப் பட்டை கடலைப் பார்த்ததே இல்லை. அதுக்கு உங்க புதுசே போடுங்க மாஸ்டர். அதுதான் நிஜம்."

வெள்ளிக்கிழமை முழுவதும் வேறு வேலை தொடவில்லை. அடிப்பட்டையை விட்டுவிட்டு மற்ற புதுசைப் பிரித்தேன். பழைய பட்டை இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் அடர்நீலமாக இருந்தது, அதனால் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பழைய ஊசி ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு, மெஷின் இல்லாமல் கையால் தைத்தேன். மேலே மூன்று பச்சை, கீழே ஒன்று பளபளப்பு. பரேடுக்குப் போனால் எனக்குத் திட்டு நிச்சயம்.

கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார். விருந்தில் அண்ணன் நேராக வந்தார். இவரைவிட உயரம், தடி ஊன்றியிருந்தார். முதலில் பார்த்தது கையைத்தான். மேல் பட்டையைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். இரண்டாவதைத் தேய்த்தார், மூன்றாவதைத் தேய்த்தார்.  நான் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் நான்காவதைத் தொட்டு ஏதோ சொன்னார். கேப்டன் வாய்விட்டுச் சிரித்து என் பக்கம் திரும்பினார்.

"இது ஒண்ணுதான் வாடகைன்னு சொல்றான் மாஸ்டர்."

பிள்ளைகளா, எனக்கு இதிலிருந்து தெரிந்தது ஒன்றுதான். அடுத்தவர் பொருளில் அழுக்கு மாதிரி எது தெரிந்தாலும், கை வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். எனக்குக் கேட்க அரை நிமிஷம் கூட ஆகியிருக்காது. அம்மாவின் டப்பாவுக்குப் பதிலாக வேறு டப்பா வாங்கித் தந்தேன். அதில் மயில் இல்லையாம்.

திங்கட்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லை. பிரித்த புது ஜரிகை மேஜையில் கிடந்தது. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். சாப்பாட்டுக் கேரியரில் அம்மா கட்டி வைத்திருந்த உப்பு முழுவதையும் டீ கிளாஸ் தண்ணீரில் போட்டுக் கலக்கி, ஜரிகையை அதில் முக்கி எடுத்தேன். ஜன்னலுக்கு மேலே ஒரு ஆணி அடித்து, சாரல் படுகிற பக்கமாகத் தொங்கவிட்டேன். சொட்டியது. கீழே ஒரு பழைய துணியைப் போட்டுவிட்டு, உப்பில்லாத மோர்ச்சோற்றைச் சாப்பிட உட்கார்ந்தேன்.