பிழை கேட்கும் இன்னாசி அண்ணன்

பச்சை நாடாவை ஓட்டோவின் கைபிடியிலிருந்து அவிழ்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த என்னைக் கண்ணாடியில் பார்த்தார் இன்னாசி அண்ணன். "சொல்லுங்க டீச்சர். என்ட பிழை ஒண்டு. பெரிசாப் பாத்துச் சொல்லுங்க."

மறுநாள் விபூதிப் புதன். கத்தோலிக்கர்களுக்குத் தபசு காலம் தொடங்குகிற நாள். மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள், சாராயத்தை விடுவார்கள். இன்னாசி அண்ணன் தன் பிழைகளில் ஒன்றை விடுவார். எந்தப் பிழை என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. "என்ட முதுகு எனக்குத் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டு, மனைவி றெஜினா அக்கா, பாண் சுட்டு விற்கும் பேக்கரிக் கடைக்காரர், தினமும் மாம்புரியிலிருந்து நாலு மைல் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவருடைய ஓட்டோவில் போகிற நான் என்று நாலைந்து பேரிடம் விசாரிப்பார். வந்ததில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்வார்.

ஒன்பது வருடத்துக்கு முன் முதல் தடவை கேட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. நம் ஊரில் ஒருவருடைய பிழையை அவர் இல்லாத இடத்தில்தான் சொல்வோம். முகத்துக்கு நேரே வந்து கேட்டால் என்ன செய்வது? "றோட்டில வெத்திலை துப்புறீங்க அண்ணன்" என்று பயந்து பயந்து சொன்னேன். அன்றோடு வெற்றிலையே போயிற்று. ஈஸ்டர் என்கிற பாஸ்கு முடிந்ததும் மறுபடி தொடங்கிவிடுவார் என்று பார்த்தேன். இல்லை. "தபசில விட்டதப் பாஸ்குவில திருப்பி எடுக்கிறதுக்கு அது என்ன, அடகு வச்ச நகையா?" என்றார்.

அடுத்த வருடம் பாண் கடைக்காரர் சொன்னது போனில் சொல்லும் பொய். வீட்டில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டே, "இந்தா, சந்திக்கு வந்துட்டன்" என்பது எல்லா ஓட்டோக்காரர்களையும் போல அவருக்கும் வழக்கம்தான். அந்தத் தபசு தொடங்கியதிலிருந்து, "இன்னும் சாரத்தோட இரிக்கிறன், முகமும் கழுவேல்ல, இருவது நிமிசமாகும்" என்று சொல்ல ஆரம்பித்தார். இதைக் கேட்டுத் திகைத்துப் போய் போனை வைத்துவிட்டவர்கள் உண்டு. உண்மை பேசும் ஓட்டோக்காரர் ஒருவரை என் வாழ்நாளில் நான் கண்டது அப்போதுதான்.

கோயிலில் என்ன காலமோ அதற்கேற்ப அவர் ஓட்டோவில் கட்டும் நாடாவின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, முஸ்லிமான எனக்கும் கோயில் காலண்டர் பாடமாகிவிட்டது. தபசுக்கு ஊதா. நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு வாரமும் ஊதாதான். அந்த நாலு வாரம் காத்திருக்கும் காலம் என்பதால் ஹோர்ன் அடிக்க மாட்டார். நடுறோட்டில் ஆடு படுத்திருந்தால் அது தானாக எழும்பும்வரை நிற்பார். "மணியடிச்சிடும் அண்ணன்!" என்று நான் கத்துவேன். "மாதா ஒம்பது மாசம் காத்திருந்தவ. உங்களுக்கு ஒம்பது நிமிசம் ஏலாதா?" என்பார். நத்தாருக்கும் பாஸ்குவுக்கும் வெள்ளை. அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைச் சும்மா ஏற்றிக்கொள்வார். பெந்தகோஸ்துப் பெருநாளுக்குச் சிவப்பு. அன்றைக்குத் தன்னோடு கோபமாயிருக்கும் ஒருவரைத் தேடிப்போய்த் தானே முதலில் பேசுவார். வேலிச் சண்டைக்காரர், பஸ் கொண்டக்டர், கூடப்பிறந்த தம்பி என்று வருடத்துக்கு ஒருவராகச் சமாதானம் ஆனார்கள். மிச்ச மாதமெல்லாம் பச்சை. "பச்சைதான் டீச்சர் பொல்லாதது. பெருநாளுமில்ல, தபசுமில்ல. ஒராளும் பாக்காத நேரம் நல்லவனா இரிக்கோணும்" என்பார்.

இவ்வளவு திருந்திய மனிதர், பெற்ற மகளோடு பத்து வருடமாகப் பேசுவதில்லை. ஒரே மகள். டிலானி என்று பெயர். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்து நஜாத்தை விரும்பினாள், இஸ்லாத்துக்கு வந்தாள், ஸுஹைரா ஆனாள். அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு வந்த முதல் தபசில்தான் இந்தப் பிழை கேட்கிற பழக்கமே தொடங்கியது. அவள் வீடு என் பள்ளிக்கூடத்துக்கு நேர் பின்னால். அவளுடைய மகள் ரிஃப்கா என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் படிக்கிறாள். தினமும் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும் இன்னாசி அண்ணன், ஒரு நாளாவது அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பியதில்லை.

பெரிய பிழை கேட்கிறவருக்கு இதைவிடப் பெரிது எது? ஊருக்கே தெரியும். ஆனால் யார் பூனைக்கு மணி கட்டுவது? றெஜினா அக்கா வருடா வருடம் "குறட்டை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுவார். எனக்கு இரட்டைப் பயம். மாப்பிள்ளை எங்கள் ஆள். நான் வாயைத் திறக்கப் போய், "எல்லாம் உங்கட ஆக்களாலதானே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், பிறகு எந்த முகத்தோடு ஒரே ஓட்டோவில் போவது? ஆகையால் துப்புறீங்க, கத்துறீங்க, பஸ்ஸை முந்துறீங்க என்று ஒவ்வொரு வருடமும் சின்னதாக ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இந்த வருடம் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை, ஸுஹைரா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ரிஃப்காவின் விடுகைப் பத்திரம் வேண்டுமாம். "நஜாத்துக்குக் கத்தார்ல குடும்ப விசா கிடைச்சிட்டு மிஸ். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நானும் பிள்ளையும் போறம். இனி அங்கதான்." எழுதிக்கொண்டிருந்த பேனை என் கையில் நின்றுவிட்டது. பத்திரத்தை வாங்கி மடித்துக்கொண்டு எழும்பியவள், கதவடியில் நின்று திரும்பினாள்.

"அப்பா நாளைக்குப் பிழை கேப்பார் என்ன?"

"ஓம். கேப்பார்."

"ஒம்பது வருசமாக் கேக்கிறார் எண்டு அம்மா போன்ல சொன்னவ. ஒராளும் என்ட பேரைச் சொல்லேல்லயா மிஸ்?"

அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது.  அவள் போன பிறகு அன்று முழுக்க வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

எனவே செவ்வாய்க்கிழமை காலையில் இன்னாசி அண்ணன் கண்ணாடியில் பார்த்து, பெரிசாப் பாத்துச் சொல்லுங்க என்றபோது, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "மகளோட கதைக்காம இரிக்கிறது."

ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணப் போன கை அப்படியே நின்றது. இறங்கிப் போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. 

"அத ஒராளும் சொல்லமாட்டிங்க எண்டு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார், திரும்பாமலே. "தெரிஞ்சுதான் எல்லாரிட்டயும் கேட்டனான்."

 ஒன்பது வருடமாக நான்தான் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"கிணத்துக்குள்ள நாய் செத்துக் கிடக்கு. நான் தண்ணிய மட்டும் இறைச்சு இறைச்சுக் கொட்டினன். கிணறு சுத்தம், இன்னாசி நல்லவன் எண்டு ஊர் சொல்லுது. பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்டயும் சின்னச் சின்னதாச் சொல்லி முடிப்பன்." சட்டைப் பையிலிருந்த பச்சை நாடாவைத் தொட்டுப் பார்த்தார். "வார செவ்வாய் அவ போறா. றெஜினா சொல்லி அழுதவ. அது தெரிஞ்சிருந்தும் இண்டைக்கும் உங்களிட்ட வேற பிழை கேக்கிறன் பாருங்க."

பிறகு ஓட்டோ கிளம்பியது. வழக்கம்போல என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.  சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று எத்தனை தடவை நினைத்தேனோ.

புதன்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்து நேரே வந்தார். நெற்றியில் கோயில் சுவாமியார் பூசிய சாம்பல் சிலுவை கறுப்பாக இருந்தது. அந்தச் சாம்பலை அவர் இரவு படுக்கும்வரை அழிக்க மாட்டார். வெயிலில் வேர்த்து வடிந்தாலும் கன்னத்தைத் துடைப்பாரே தவிர, நெற்றிப் பக்கம் கை போகாது. "நல்லா இரிக்கிறீங்களா?" என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசல் வந்தது. ஓட்டோ நிற்கவில்லை. "அண்ணன், பள்ளிக்கூடம்!" என்று நான் கத்தக் கத்தப் பின்பக்கம் திரும்பி, ஸுஹைராவின் வீட்டு முன்னால் போய் நின்றது. 

கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெரிய சூட்கேஸ்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த ஸுஹைரா, முக்காட்டை இழுத்துவிட்டவள், கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். இன்னாசி அண்ணன் இறங்கி அவள் முன்னால் போய் நின்றார்.  ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓட்டோவை விட்டு இறங்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

போகும் நாள்வரை பள்ளிக்கூடத்தை விடாத ரிஃப்கா, வெள்ளைச் சட்டையும் பையுமாக உள்ளேயிருந்து ஓடிவந்தாள். உம்மாவைத் தாண்டி வந்து அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"உம்மா, இவரு ஆரு? நெத்தியெல்லாம் கரி." சொல்லிக்கொண்டே சட்டையில் குத்தியிருந்த லேஞ்சிக் கைக்குட்டையை எடுத்து, எட்டாத நெற்றியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அழிக்காத மகள்!" என்று பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள் ஸுஹைரா. "அது அப்பாட நோன்பு, அழிக்கக் கூடாது..."

இன்னாசி அண்ணன் இரண்டு முழங்காலையும் மணலில் ஊன்றி, பிள்ளையின் கைக்கு எட்டும்படி நெற்றியைக் குனிந்து கொடுத்தார்.