தம்பி பெயரில் ஐந்நூறு லத்தீன் சொற்கள்

சூடேறிய தூசியின் வாடைதான் முதலில் வரும். அப்பா தம் 'பங்கார்' கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, வந்த உடைந்த கணினிகளிலிருந்து பாகம் பாகமாய்ப் பொறுக்கிச் சேர்த்த பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் எங்கள் தாராவி வீட்டின் ஒற்றை அறை முழுக்க அந்த வாடை பரவி, அதன் பிறகே திரையில் எழுத்து தெரியும்: 'வெல்கம், ஆன்டனி.'

ஆன்டனி என் தம்பி. என்னைவிட இரண்டு வயது இளையவன். கோயில் பாட்டுக்குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். பாடுகிற லத்தீனுக்குப் பொருள் தெரிய வேண்டும் என்று பங்குச் சாமியார் எல்லாருக்கும் ஒரு குறுந்தகடு கொடுத்திருந்தார். அதிலுள்ள ஐந்நூறு சொற்களையும் முடித்து, அது தரும் சான்றிதழை அச்செடுத்து வருகிறவர்களுக்குக் கோவாவில் பத்து நாள் பாட்டுப் பயிற்சி. ஒரு கணினியில் ஒரே பெயரைத்தான் அது பதிய விடும். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் தம்பி பெயரை அடித்தார்.

அவன் மூன்றாம் நாளே மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டான். நான்தான் தினமும் அவன் பெயரைத் தட்டி உள்ளே போனேன். தப்பாக அடித்த சொல்லை அந்தச் சனியன் விடாது. மூன்று முறை சரியாக அடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். விரல் வலிக்க வலிக்க ஐந்நூறையும் முடித்தேன். சான்றிதழ் வந்தது, ஆன்டனி பெயரோடு.

"ஃபாதர், படிச்சது நானு" என்று சாமியாரிடம் சொன்னேன். "பேப்பர்ல அவன் பேருதானம்மா இருக்கு" என்றார். ஒரே ஒரு சொல்லை எங்கள் இருவரிடமும் கேட்டுப் பார்த்திருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது தோன்றவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அப்பா வீட்டுக்கு வரும் வழியில்தான், "ஏட்டி, யாரு போனா என்ன? நம்ம வீட்டுப் பிள்ளதான போறான்" என்றார்.

அவன் ரயிலேறிய அன்று கணினியைத் திறந்து அவன் பெயரை நீக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று கேட்டது. 'ஆம்' பொத்தானை ஓங்கிக் குத்தினேன். பெயரோடு என் ஐந்நூறு சொற்களும் போயின. அழிந்தது என் உழைப்புதான் என்று அப்புறம்தான் உறைத்தது, அழுதேன்.

அந்தப் பெட்டி மறுபடி பங்காருக்கே போய்விட்டது. வீடிருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஆன்டனி தன் மகளிடம், "அப்பா ஒன் வயசுல லத்தீன்ல ஐந்நூறு வார்த்த படிச்சி கோவாக்குப் போனவன், தெரியுமா?" என்று அளந்துகொண்டிருந்தான்.

"ஏல, 'சோரோர்'னா என்ன?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குக்கா ஞாபகம் இருக்கு?" என்று சிரித்தான்.

சகோதரி என்று பொருள். அவன் மகளிடம் நான்தான் சொன்னேன்.