சேரம்பாடியில் உண்ணிக்குச்சி யானை

கோயம்புத்தூரில் நாற்காலி டிசைன் செய்வது என் வேலை. காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியின் குச்சியை வேகவைத்து வளைத்து ஆளுயர யானை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எவ்வளவுதான் வளைகிறது பார்ப்போமே என்று போன ஜூனில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

நீலகிரியில், கூடலூரிலிருந்து சேரம்பாடி சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சாலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை.

பட்டறை, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகை. வேலை செய்வது நான்கு பெண்கள். பொறுப்பு செல்வி அக்கா. முற்றத்தில் இரும்புச் சட்டத்தின் மேல் குச்சிகளை வளைத்து ஒன்றோடொன்று ஆணியடித்துச் செய்த யானை நின்றது. மூன்று வார உழைப்பு. மாலை ஐந்து மணிக்கு லாரி வரும், சென்னையில் கண்காட்சி. அவர்களுடைய முதல் பெரிய ஆர்டர்.

இரண்டரை மணிக்கு எதிர்ச்சரிவிலிருந்து நிஜ யானையே இறங்கி வந்தது.

"உள்ள வாங்க சார். போட்டோ கீட்டோ வேணாம்," என்று செல்வி அக்கா என்னைக் கொட்டகைக்குள் இழுத்தார்.

அது நேராகக் குச்சி யானையிடம் போய் மோப்பம் பிடித்தது.

"தன் இனம்னு நெனச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"அட நீங்க வேற. ராணி, பழத்த எங்கடி வச்ச?"

நால்வரில் ஒருத்தியான ராணி குச்சி யானையைக் காட்டினாள். "நெழலா இருந்துச்சுக்கா... வயித்துக்குள்ள."

ஆணியடிக்கக் கை நுழைய அடிவயிற்றில் விட்ட திறப்பில், மதியம் சாப்பிட வைத்த பலாப்பழம். அதுவும் ஜூனில், பலா வாசனைக்கே யானை இறங்கி வரும் இந்த ஊரில்!

"உனக்கு வேற எடமே கெடைக்கலையா? லாரிக்காரனுக்கு நீயே பதில் சொல்லு."

இன்னொரு பெண் விரட்டுவதற்குப் பட்டாசை எடுத்தார். செல்வி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மெரண்டா நம்ம யானை மேலயே ஏறிரும்."

தும்பிக்கை உள்ளே போனது. படக், படக். நான்கு குச்சிகள் ஒடிந்தன. பழத்தை வெளியே இழுத்து, மிதித்துப் பிளந்து, நிதானமாகத் தின்றது. அந்தப் பக்கம் குச்சி வேகும் தொட்டியின் அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. அணைந்தால் மறுபடி கொதிக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஆறிய குச்சி வளையாது, ஒடியும்.

யானை சரிவேறி மறைந்ததும் செல்வி அக்கா விறகோடு ஓடினார். நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது குச்சியை வளைக்கும்போதே லாரி வந்துவிட்டது.

"ஏங்க, ரெடியா இல்லையா? நான் கெளம்பணும்," என்றார் டிரைவர்.

"ஏத்துங்கண்ணே," என்று ராணி சுத்தியலும் சூடாக வளைத்தெடுத்த நாலாவது குச்சியுமாகத் தானும் லாரியில் ஏறினாள். "பந்தலூர் வரைக்கும் அடிச்சிட்டே வந்து பஸ்ல திரும்பிக்கிறேன்."

போகிறவர்கள் முதலில் போன் செய்து யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள். காலையிலேயே போங்கள். பையில் பழம் வேண்டாம். கண்காட்சியில் அந்த யானையைப் பார்த்தால் குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள்: நான்கு குச்சிகள் மட்டும் புதுசாக இருக்கும். கடைசிக் குச்சியின் ஆணிகள் கோணல். வண்டி குலுங்கியிருக்கிறது, ஆனாலும் இறுக்கமாகத்தான் நிற்கிறது, சென்னைக்குப் போய் நான் அசைத்துப் பார்த்தேன்.