மொட்டை மாஸ்டர் இருமிய முடி

எங்கள் தெருமுனை சலூனுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. மொட்டை மாஸ்டர் கடை என்றால்தான் தெரியும். தெருவுக்கே முடி வெட்டுகிறவருக்கு இளவயதிலேயே தலை மழித்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. புதிதாக யாராவது வந்து நாற்காலியில் உட்காரத் தயங்கினால், "பயப்படாதீங்க, இது நான் வெட்டினது இல்ல" என்று தன் தலையைத் தட்டிக் காட்டுவார்.

அவருக்கு வறட்டு இருமல் வந்தது. கடையில் எல்லோரும் டாக்டராகிவிட்டோம். ஆவி பிடி என்றார் ஒருவர், ஃபேனை நிறுத்து என்றார் இன்னொருவர். ஒரு நாள் காலை, என்னை முகத்தில் பாதி நுரையோடு விட்டுவிட்டு வாஷ்பேசினில் குனிந்து இருமினார். நிமிர்ந்தபோது விரல் நுனியில் ஒரு முடி.

"உங்க முடிதான் சார். வாய்க்குள்ள பறந்திருக்கு."

என் தலை முக்கால்வாசி வெள்ளை. அவர் விரலில் இருந்தது கருகருவென்று இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பக்கத்து கிளினிக்கில் மருந்தும் கொடுத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொன்னார்கள். சொன்னபடியே செய்தார். மாஸ்க்குக்கு உள்பக்கமும் முடி ஒட்டியிருந்தது! பிறகு சளியில் ரத்தம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் இதயத்தை ஒட்டி உருண்டையாக ஒரு நிழல். கிளினிக் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டி மாதிரி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

மனிதர் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கடையை மனைவியின் தம்பியிடம் ஒப்படைத்தார். அவன்தான் இரண்டாவது நாற்காலியில் வேலை செய்கிறவன். தன்னுடைய நல்ல கத்தரிக்கோலையும் அவனிடமே கொடுத்தார்.

"என்ன மாமா, சொத்துப் பிரிக்கிற மாதிரி கொடுக்கறீங்க?" என்றான் அவன்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குழந்தைகளை அதட்டி அதட்டி உரத்துப்போன குரல். "அழறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. முதல்ல அது என்னன்னு தெரியட்டும்" என்றார். இவரோ இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

கடைப்பக்கமே போகாத அந்த நாட்களிலும் முடி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அந்த அம்மா அதை வெள்ளைத் தட்டில் வைத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். தன் கூந்தலை இழுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை.

"என்னங்க, இது என் முடி இல்ல. உங்க தலையில முடியே கிடையாது. வீட்ல இருக்கறதே நாம ரெண்டு பேர். அப்ப இது யாரோடது?"

அந்த அம்மா முடியை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார். அடுத்த அரைமணியில் கணவரையும் வேனில் ஏற்றிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் டாக்டரும் ஒரு பெண். இருமல், ரத்தம் என்று சொன்ன மாஸ்டர், முடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று கூச்சம். மனைவி டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"இருமும்போது இதுதான் வந்துச்சு டாக்டர். என் கண்ணால பார்த்தேன்."

டாக்டர் டப்பாவைத் திறந்தார். எழுந்தே நின்றுவிட்டார். "இதைப் புஸ்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல பார்த்ததே இல்ல. இப்பவே ஸ்கேன் எடுத்துடலாம்."

ஸ்கேனில் விஷயம் வெளிவந்தது. இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, நெஞ்செலும்புக்குப் பின்னால், கொழுப்பும் திரவமும் அடைத்த ஒரு பை. அதில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"இது பல்லு" என்றார் டாக்டர்.

"நெஞ்சுலயா?"

"ஆமா. நீங்க அம்மா வயித்துல உருவாகும்போதே சில செல்கள் வழி மாறி நெஞ்சுல தங்கிடுச்சு. எந்த உறுப்பாவும் ஆகக்கூடிய செல்கள். தோலு, முடி, பல்லுன்னு அதுபாட்டுக்கு வளர்ந்திருக்கு. இப்ப மூச்சுக்குழாய்ல ஓட்டை போட்டதால முடி வெளிய வருது. இது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் புத்துநோயா இருக்காது. ஆனா உறுதி பண்ணிக்கணும், எடுத்தே ஆகணும்."

உறுதிசெய்ய எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று, கர்ப்பத்துக்குப் பார்க்கிற அதே பரிசோதனை. கெட்ட வகைக் கட்டிகளிலும் அந்த ஹார்மோன் அளவு கூடுமாம். பரிசோதனைக்கூடத்தில் சீட்டை வாங்கிய பெண் அதையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுவா இருந்தாலும் பெத்துக்கறேம்மா" என்றார் மாஸ்டர். வாரக்கணக்கில் சிரிக்காத அவர் மனைவி, அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிவுகளில் எந்தக் கோளாறும் இல்லை.

நெஞ்செலும்பைப் பிளந்துதான் அறுவை சிகிச்சை. பை நுரையீரலோடு ஒட்டியிருந்ததால் அதில் ஒரு துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. மச்சான் வராந்தாவில் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தான். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் சர்ஜன் வெளியே வந்து, "முழுசா எடுத்தாச்சு" என்றபோதுதான் அவர் கண் கலங்கியது. திசுப் பரிசோதனையிலும் புற்றுநோய் இல்லை என்று வந்தது.

வார்டில் சர்ஜன் தன் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். உள்ளங்கை அளவு கட்டி, அதற்குள் சுருட்டிவைத்த கருங்கூந்தல், ஓரத்தில் ஒரு கடைவாய்ப் பல்.

மாஸ்டர் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஏன் டாக்டர், இவ்வளவு முடியை உள்ள வச்சுக்கிட்டா நான் இத்தனை வருஷம் மொட்டையா அலைஞ்சேன்? மேல நட்டு விடக்கூடாதா?"

"சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சுடும்" என்ற சர்ஜனே சிரித்துவிட்டார்.

எலும்பு கூடியதும் மாஸ்டர் கடைக்கு வந்தார். மச்சான் கத்தரிக்கோலைத் துடைத்து அவர் கையில் வைத்தான். அன்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பாதிப் பேருக்கு வெட்ட முடியே இல்லை, சும்மா வந்தவர்கள். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டியபடி, ஒருமுறைகூட இருமாமல், கடை அதிரக் கதை சொன்னார். நானும் வரிசையில் நின்றேன்.

பிறகு டாக்டர்கள் கூட்டம் ஒன்றுக்கு அந்தப் பெண் டாக்டர் கணவன் மனைவி இருவரையும் அழைத்தார். பெரிய திரையில் ஸ்கேன் படம் ஓடியது. மாஸ்டர் மேடை ஏறினார். ஒரு இளம் டாக்டர் எழுந்து, "முதல்ல முடி வந்தப்போ என்ன நினைச்சீங்க?" என்று கேட்டார்.

"கடையில பறந்த முடின்னுதான் நினைச்சேன். அது யாரோடதுன்னு கேட்டது என் சம்சாரம். அதோ, கடைசி வரிசையில இருக்காங்க."

அரங்கம் முழுக்கத் திரும்பிக் கைதட்டியது. எழுந்து நின்ற அந்த அம்மா, கைதட்டல் ஓயும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"போதும், இறங்கி வாங்க! வண்டியை கேட்டுக்குக் குறுக்கால நிறுத்திட்டு வந்திருக்கேன்!"