சர்க்கரைக்கு என்று சொன்ன மாத்திரை

ஐசியு வாசலில் நான் இருந்தேன். என் நாத்தனார் இருந்தாள். வாலாஜாபாத்திலிருந்து சம்பந்தியம்மா வந்திருந்தார். என் மகளுக்கு நிச்சயம் ஆகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே என் வீட்டுக்காரர். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு மூச்சுத் திணறல்.

மூன்றாம் நாள் புத்தி தடுமாறியது. ஐசியுவைக் கல்யாண மண்டபம் என்று நினைத்துவிட்டார். ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ரசம் வரவில்லை என்று சத்தம் போட்டார். நர்ஸ் வெளியே வந்தாள்.

"டாக்டரப் போய் சமையல்காரரேன்னு கூப்புடுறாரும்மா. மாஸ்க் போட்டா கழட்டிடுறாரு. இப்டியே போனா தொண்டையில குழாய் போட்டு மிஷின்லதான் வைக்கணும். வூட்ல இன்னா மாத்திர சாப்ட்டுக்கினு இருந்தாரு?"

"சுகர் மாத்திர," என்றாள் நாத்தனார்.

"அவருக்கு சுகரே இல்லம்மா. தெனம் பாக்குறோம்."

"எப்டி இல்லாம போவும்? ஒம்போது வருஷமா எங்கண்ணன் கேசரியக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு."

நான் தரையைப் பார்த்தேன். அது மனப் பயத்துக்கான மாத்திரை. செங்கல்பட்டு டாக்டர் எழுதியது. ஊர் பேசும் என்று, சர்க்கரைக்கு என்று நாங்கள் இருவரும் சொல்லி வைத்தோம். சொன்ன பேச்சுக்காக அவர் இனிப்பையே விட்டார். சேர்த்த அன்று இங்கேயும் அதையே சொன்னேன். மூன்று நாளாக மாத்திரை உள்ளே போகவில்லை.

தனியாகச் சொல்ல வழியில்லை. ஆறுதலுக்கு என்று சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாப்ள வூட்டுக்காரங்கள மொதல்ல ஒக்கார வைங்கபா."

"மரியாத தெரிஞ்ச மனுஷன்," என்றார் சம்பந்தியம்மா.

நான் சொல்லிவிட்டேன். சுகர் இல்லை, மனசுக்கு. பையிலிருந்த மாத்திரை அட்டையை நர்ஸ் கையில் கொடுத்தேன்.

"மொத நாளே சொல்லக் கூடாதாம்மா? காய்ச்சலோட இதையும் திடீர்னு நிறுத்துனா ஆளையே ஆட்டிடும்." டாக்டரிடம் ஓடினாள்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "அப்ப ஒம்போது வருஷமா நான் குடுத்த சக்கர இல்லாத டீ?"

"குடிச்சாருல்ல?"

சம்பந்தியம்மா கையை விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். நிச்சயம் போயிற்று என்று நினைத்தேன்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். இரண்டு நாளில் மாஸ்க் முகத்தில் நின்றது. டாக்டரை டாக்டர் என்றார்.

அதற்கு மறுநாள் சம்பந்தியம்மா திரும்பி வந்தார். நாத்தனார் டீ வாங்கப் போகிறவரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மாத்திர எத்தினி எம்ஜி?"

"அம்பது."

"எங்க வூட்டுக்காரரும் அதான் சாப்புடுறாரு. பையனுக்கே தெரியாது."

"எத்தினி?"

"நூறு."