அரிசி நெறஞ்சிருக்கு

சபியாக்கா போயிட்டாங்க. காலையில அவங்க பையன் போன் பண்ணி, "மாமா... அம்மா மவுத்தாயிட்டாங்க"ன்னான்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுகிட்ட மளிகைக் கடை வெச்சிருந்தாங்களே, அவங்கதான். பழைய ஆளுங்களுக்குத் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் சொல்லச் சொல்ல பேத்தி போன்ல அடிக்கறா. "நொம்பன்னு அடிக்கவா, ரொம்பன்னு அடிக்கவா தாத்தா?"ங்கறா. நான் சொல்றாப்பலயே அடி சாமி.

தலைச்சோலையில பஸ்ஸுக்கு நிக்கறோம். எதிர்ல நிக்கற மரம் தெரியல, அப்படி மூட்டம். அன்னிக்கும் இப்படித்தான்...

எனக்கு மீசை அரும்பாத வயசு. அம்மா செத்த வருசம். மழை உடாமப் பேஞ்சு ராகி கதுரோட அழுகிப் போச்சு. எஸ்டேட்ல வேலை இல்ல. ரோட்டுல மண்ணு சரிஞ்சு, லாரியெல்லாம் அடிவாரத்துலயே நின்னு போச்சு.

ஊட்ல அப்பன், நான், தங்கச்சி. தங்கச்சி மொதல்ல பசின்னு அழுதா. அப்புறம் அழுவறத நிறுத்திட்டா. அதுதாங்க நொம்ப பயம்.

"பாய் கடையில போயி அரிசி கேளு"ன்னு அப்பன் என்னை அனுப்புச்சு.

பாய் லாரியோட அடிவாரத்துல மாட்டிக்கிட்டாரு. கடையில அவரு சம்சாரம் சபியாக்கா மட்டும், இடுப்புல கைக்கொழந்த. பாதிக் கதவத் தொறந்து, "அரிசி நெறஞ்சிருக்கு கண்ணு"ன்னாங்க. சாத்திட்டாங்க.

எடுத்தாரப் போயிருக்காங்கன்னு நான் நின்னேன். நின்னேன்... கதவு தொறக்கவே இல்ல.

ஊட்ல வந்து சொன்னேன்.

"நெறஞ்சிருக்குன்னாளா? அவ வாயால?"

"ஆமாப்பா."

"ஆனா குடுக்கல."

"குடுக்கலப்பா."

அப்பன் கொடுவாள எடுத்து வாசக்கல்லுல தீட்ட ஆரம்பிச்சுது. வெறகுக்குத் தீட்டுனா நடுவுல நிறுத்தும், எச்சி துப்பும், யாரையாச்சும் வையும். அன்னிக்கி நிறுத்தவே இல்ல.

விடிஞ்சதும் கெளம்புச்சு. நானும் பின்னாலயே. மூட்டத்துல அப்பன் தெரியல, காலடிச் சத்தத்த வெச்சுத்தான் நடந்தேன். தடுக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. சோறு வேகறப்ப எப்படி வாசம் வரும்னு நெனச்சுக்கிட்டே போனேன்.

அப்பன் கதவ உதைச்சுது. அக்கா தொறந்தாங்க. கொடுவாளப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க.

"நெறஞ்சிருக்காமே. எங்க, காட்டு."

அக்கா ஒதுங்கி வழி உட்டாங்க. "வந்து பாருங்கண்ணா."

உள்ள மூட்டையெல்லாம் காலிச் சாக்காக் கெடக்குது. தகர டின்ன அப்பன் ஒரு தட்டுத் தட்டுச்சு. டங்குன்னுச்சு.

"எங்க சேலத்துப் பக்கம் அரிசி தீந்தா இல்லன்னு சொல்ல மாட்டோமுங்கண்ணா. நெறஞ்சிருக்கும்போம். வாயால இல்லன்னு சொன்னா அப்புறம் வராமயே போயிருமோன்னு ஒரு பயம்..."

எங்க மலையில இல்லன்னா இல்லதான். ராகி திங்கற எங்களுக்கு அரிசிப் பேச்சு என்ன தெரியும்?

அப்பன் கொடுவாளக் கீழ போட்டுட்டு அந்தச் சாக்கு மேலயே உக்காந்துருச்சு. கொழந்த கதறுது. அக்கா அடுப்புல இருந்த சட்டிய எறக்குனாங்க. வெறும் உப்புப் போட்டு வெந்த சௌசௌ. அவங்களுக்குன்னு இருந்ததே அதுதான்.

பாதிய எலையில கட்டி என் கையில குடுத்தாங்க. தங்கச்சி பசியில கெடக்கான்னேன். "தங்கச்சிக்கா? ஓடு. நில்லு நில்லு... நீ ஒரு வாய் தின்னுட்டு ஓடு கண்ணு."

அம்மா போனதுக்கப்புறம் என்னைத் தின்னச் சொன்ன மொத ஆளு.

தங்கச்சி பொழச்சா. இப்ப கொட்டச்சேட்டுல பேரன் பேத்தியோட இருக்கா.

ரோடு சரியாகி லாரி வந்துச்சு, வயிறு நெறஞ்சுச்சு. எனக்கு மட்டும் அந்தக் கடை வாசலுக்குப் போவோணும் போவோணும்னு இருக்கும். உப்பு வாங்கற சாக்குல போவேன்.

"ஏண்டா, உங்கூட்ல உப்பையா சோறாத் திங்கறீங்க?"ம்பாங்க. சிரிப்பாங்க. அப்புறம் மெதுவா, "சாப்டியா கண்ணு?"

அதக் கேக்கத்தான் போறேன்னு அவங்களுக்குத் தெரியும்.

போன மாசம் பாக்கப் போனேன். கட்டில்ல கெடந்தாங்க. பக்கத்துல கஞ்சி ஆறி ஏடு கட்டிக் கெடக்குது.

"பசிக்கலையாக்கா?"ன்னேன்.

என்னையே பாத்தாங்க. "நெறஞ்சிருக்கு கண்ணு."

மருமகப் புள்ள சென்னைக்காரப் பொண்ணு. "பாருங்க மாமா, வயிறு நெறஞ்சிருக்காம்! இன்னிக்கி நல்லாப் பேசறாங்க"ன்னு அதுக்கு ஒரே சந்தோசம்.

அது எந்த நெறஞ்சிருக்குன்னு எனக்கும் அக்காவுக்குந்தான் தெரியும். வெளிய வந்து செருப்பு மாட்டறப்ப கால் செருப்புக்குள்ள போகல...

மத்தியானம் லுகர் தொழுகை முடிஞ்சு அடக்கமுங்க. பஸ் சத்தம் கேக்குது, வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியல.

இனிமே யாராச்சும் அக்கா எங்கன்னு கேட்டா, இல்லன்னு என் வாய்ல வராது.

நெறஞ்சிருக்காங்க.

சாப்டுட்டேங்கக்கா. நீங்க தூங்குங்க.