வெட்டிப் பார்க்காத சுரைக்காய்

முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை என்பதால் தெருவில் அவருக்கு 'செக்கிங்' என்றே பெயர். மொட்டைமாடியில் பழைய டிரம்களில் தக்காளி, கத்தரி, கொய்யா என்று எதை வளர்த்தாலும் சந்தேகக் கண்ணோடுதான் வளர்த்தார். சுரைக்காய் என்றால் கேட்கவே வேண்டாம். காம்போரம் ஒரு துண்டு நறுக்கி, நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பில்லை என்றால்தான் யாருக்கும் கொடுப்பார். கசக்கிற சுரைக்காய் விஷம் என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் அதை 'டிக்கெட் கிழிச்ச காய்' என்று கிண்டல் செய்தார்கள்.

அன்று காலை வாசலில் வந்து நின்றவள் தம்பியின் மனைவி. அப்பாவின் வீட்டை விற்கும் பேச்சில் வார்த்தை தடித்து, அண்ணனும் தம்பியும் முகம் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் நாலு தெரு தள்ளித்தான் வீடு. காய்ச்சலில் கிடந்து எழுந்த தம்பி, அண்ணன் மாடியில் சுரைக்காய் தொங்குகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறானாம்.

செக்கிங்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாடிக்கு ஓடி, இருந்ததிலேயே அழகான காயைப் பறித்தார். உரத் தொட்டியில் தானாக முளைத்த கொடி அது. அதில் இதுதான் முதல் காய்ப்பு. கத்தியை எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார். ஆறு வருடம் கழித்துக் கேட்கிறவனுக்கு வெட்டுப்பட்ட காயையா கொடுப்பது?

மதியம் அதே கொடியின் இன்னொரு காயை மனைவி நறுக்கிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் ஒரு துண்டை வாயில் போட்டார். நாக்கு சுருண்டுகொண்டது. துப்பினார். உடனே போனை எடுத்தார். தம்பியின் போன் நம்பரை என்றைக்கோ கோபத்தில் அழித்துத் தொலைத்திருந்தார். மணி ஒன்றரை, சாப்பாட்டு நேரம்.

மூட்டுவலிக்காரர் ஓடினார். இரண்டாவது தெருவில் ஒரு செருப்பு அறுந்தது. இரண்டையும் உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினார்.

கதவு திறந்திருந்தது. தம்பியின் முன்னால் தட்டு, அதில் பாதி காலி. செக்கிங் தட்டைப் பிடுங்கினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, தம்பி மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"எவ்வளவு சாப்பிட்டே?"

"ரெண்டு தடவ போட்டுக்கிட்டேன்."

"கசக்கலியாடா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "கசந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சு நீ குடுத்தது. அத எப்படிண்ணே துப்புறது?"

நல்லவேளை, அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதுமே தம்பி அண்ணனின் சட்டை மேலேயே வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குள் போகும்போது அவனால் நிற்க முடியவில்லை. இரத்த அழுத்தம் ரொம்பக் கீழே இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோது செக்கிங் எதையும் மறைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, என் கையாலேயே கொன்றுவிட்டேனோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். சட்டையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் நாடி சீரானது, பயமில்லை என்றார்கள். உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். தம்பி கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, அடுத்த தடவ வெட்டியே குடு."

சரி என்று தலையை ஆட்டினார். பிறகு தம்பியின் நம்பரைக் கேட்டு, போனில் ஏற்றிக்கொண்டார்.